கள்ளப் போதகர் யார்? பந்தியைப் பாருங்கள்

போன வருஷம் திருவொற்றியூரில் ஒரு சுயஉதவிக் குழுக் கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஓர் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். எண்ணூர் பக்கம் வீடு. மகனுக்கு எட்டு வயது, மூச்சிரைப்பு. வீடு தேடி வந்து ஜெபிக்கும் ஒருவர், "இது உங்க பரம்பரைச் சாபம். மருந்தை நம்புறது அவிசுவாசம். விதைக் காணிக்கை போடுங்க, கர்த்தர் அறுவடை தருவார்" என்றாராம். குழுவில் வாங்கிய கடனில் பத்தாயிரம் ரூபாய் அந்த விதைக்குப் போய்விட்டது. பையனின் இன்ஹேலர் அலமாரியில் கிடக்கிறது.

பணத்தைத் திரும்ப வாங்கித் தரும்படி அவர் கேட்கவில்லை. "தம்பி, இவரு நல்ல ஊழியக்காரரா, கள்ளப் போதகரான்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டார்.

"முதல்ல புள்ளைக்கு மருந்தைக் குடுங்க அக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சமூகவியலில் முதுகலை வாங்கியவனிடம் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. நம் தோழர்கள் சிலரிடம் சொன்னபோது, "எல்லா மதமும் பித்தலாட்டம்தான்" என்றார்கள். அப்படிச் சொன்னால் நமக்கு விவாதம் முடிந்துவிடும். சபையை விட்டு வெளியே வரப்போவதில்லை என்ற அந்த அக்காவுக்கு முடியாது. உள்ளே இருந்துகொண்டே எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு ஓர் அளவுகோல் வேண்டும். அந்த அளவுகோல் நம் மக்களின் வரலாற்றிலேயே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பெயரிலேயே இருக்கும் கதை

இராயபுரத்தில் பிறந்த பலருக்கே அந்தப் பெயரின் காரணம் தெரியாது. தமிழ்க் கத்தோலிக்கர் பேதுருவை இராயப்பர் என்று அழைத்தார்கள். துறைமுகம் வருவதற்கு முந்தைய மதராஸில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கையும் ஆட்களையும் அலைமேல் கொண்டுவந்த படகோட்டிகளின் உழைப்பில் 1829-ல் எழுந்தது இராயப்பர் கோயில். அவர் பெயரில் ஊர்.

பவுலைப் பழைய தமிழில் சின்னப்பர் என்பார்கள். பைபிளில் இந்த இருவருக்கும் இடையே ஒரு சண்டை உண்டு. அந்தியோகியா நகரத்தில் இராயப்பர் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து சில பெரிய மனிதர்கள் வந்ததும், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து பந்தியிலிருந்து விலகினார். சின்னப்பர் அவரை எல்லார் முன்னாலும் நிறுத்தி முகத்துக்கு நேராகக் கேட்டார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது, படித்துப் பாருங்கள்.

இராயப்பர் தப்பான உபதேசம் எதையும் அன்று வாயால் சொல்லவில்லை. எழுந்து வேறு பந்திக்குப் போனார், அவ்வளவுதான். அதுவே சுவிசேஷத்துக்கு எதிரான உபதேசம் என்று சின்னப்பர் கண்டுகொண்டார். முதல் சீடரே ஆனாலும் பந்தியில் தவறினால் தட்டிக்கேட்கலாம் என்பது அந்த மதத்தின் ஆரம்பத்திலேயே எழுதி வைத்த பாடம். தமிழ்நாட்டுக்கு வந்தபோது அந்தப் பாடத்துக்கு என்ன ஆனது?

வாசலில் நின்ற குரு

1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி, பிராமண சந்நியாசி கோலத்தில் மேல்சாதியாருக்குப் போதித்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் மதமாறியவர்களுக்கு இருக்கலாம் என்று 1623-ல் போப் அனுமதி தந்தார். பிறகு ஒடுக்கப்பட்ட சாதிகளுக்கென்று பண்டாரசாமிகள் என்ற தனிக் குருமார் வந்தார்கள். ஒரே கடவுளுக்கு, சாதிவாரியாகக் குரு.

நூறு ஆண்டு கழித்து விஷயம் முற்றியது. ரோமிலிருந்து அனுப்பப்பட்ட தூர்னோன் 1704-ல் புதுச்சேரியில் ஓர் ஆணை போட்டார். சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் அவருக்குத் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்றால், அதுவரை குரு எங்கே நின்றிருப்பார் என்று நீங்களே யோசியுங்கள். நாற்பது ஆண்டு வாதம் நடந்தது. 1744-ல் போப் பதினான்காம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு சொன்னபோது ஏற்கப்பட்ட ஏற்பாடு, பறையருக்கென்று தனி மிஷனரிகளை ஒதுக்குவது. வீட்டுக்குள் போக ஆள் கிடைத்தார். பிரிவு அப்படியே நின்றது.

புராட்டஸ்டண்ட் பக்கமும் கதை வேறல்ல. தஞ்சாவூர் சீமையில் ராஜநாயக்கன் என்றொரு பறையர் இருந்தார். படைவீரராக இருந்தவர், தமிழ் வேதப் புத்தகத்தைத் தானே படித்து, பலரை விசுவாசத்துக்கு அழைத்து வந்தவர். தரங்கம்பாடி மிஷனில் 1740-ஐ ஒட்டி அவரைக் குருவாக்கும் யோசனை வந்தது. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் அந்த யோசனையைக் கைவிட்டார்கள். 1741-ல் வேறொருவர் அபிஷேகம் பெற்றார்.

தோழர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். கள்ளப் போதகரை உள்ளே விட்டுவிடக் கூடாது என்று சபை எப்போதும் கவலைப்படுகிறது. நல்ல போதகர் ஒருவரை வாசலிலேயே நிறுத்தி வைத்த குற்றத்துக்குப் பெயர் என்ன?

வேப்பேரியில் வாசித்த கடிதம்

இனி மதராஸுக்கு வருவோம். 1833 ஜூலை 5 அன்று கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்திய மிஷனரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி உடனடியாக, முழுமையாக ஒழிய வேண்டும் என்பது உத்தரவு. கோயிலில் தனித்தனி இடம், நற்கருணைக்குத் தனி வரிசை, தனித்தனிக் கல்லறை என்று அன்றைய சபைகளின் வழக்கம் இருந்தது. வேப்பேரியில் இந்தக் கடிதம் அறிவிக்கப்பட்டபோது வேளாளக் கிறிஸ்தவர்கள் சபையை விட்டு வெளியேறினார்கள். கிறிஸ்துவை விடவில்லை; ஒரே கிண்ணத்தில் குடிப்பதைத்தான் விட்டார்கள்.

அவர்களுக்கும் ஒரு வாதம் இருந்தது. சாதி என்பது உலக வழக்கம், மதத்தோடு சம்பந்தமில்லாதது. மாப்பிள்ளை பார்க்கவும் மரியாதைக்கும் மட்டும்தான் அது என்றார்கள். தஞ்சையின் பெரும் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் சாதி வேறுபாட்டை ஆதரித்து 1829-லேயே எழுதியிருந்தார். லைப்சிக் லுத்தரன் மிஷன் இந்த வாதத்தை ஏற்றுக்கொண்டது. அதன் இயக்குநர் கார்ல் கிரால் பெரிய தமிழறிஞர், திருக்குறளை ஜெர்மனுக்கும் லத்தீனுக்கும் கொண்டுபோனவர். அவர்கூட சாதியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற பக்கம்தான் நின்றார். 1850-ல் மதராஸ் மிஷனரி மாநாடு சாதியைச் சுவிசேஷத்துக்குப் பெரும் கேடு என்று கண்டித்தபோது லைப்சிக் மிஷன் மட்டும் சேரவில்லை.

இவர்களில் யாரும் மோசடிக்காரர்கள் இல்லை. சாஸ்திரியாரின் பக்தியையோ கிராலின் படிப்பையோ நான் சந்தேகிக்கவில்லை. கள்ள உபதேசம் எப்போதும் கள்ள மனிதர் வாயிலிருந்து வருவதில்லை என்பதுதான் இங்கே கற்க வேண்டியது. அதே சமயம், சாதியைக் கண்டித்த வெள்ளைக்கார மிஷனரிகளைப் புனிதர்களாக்கவும் வேண்டாம். தங்கள் பங்களா மேஜையில் இந்தியப் போதகரை எத்தனை பேர் சமமாக உட்கார வைத்தார்கள் என்ற கேள்வி அவர்களுக்கும் உண்டு.

வார்த்தையோடு நிற்காதவர்களும் இருந்தார்கள். ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி 1837-ல் ஆர்மீனியன் தெருவில் ஒரு பள்ளி தொடங்கினார். பின்னாளில் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது அதுதான். மறு வருஷமே அங்கே பறையர் சிறுவர்கள் படிப்பது தெரிந்து, மேல்சாதிக் குடும்பங்கள் அவர்களை நீக்கச் சொன்னார்கள். ஆண்டர்சன் மறுத்தார். கூட்டமாகப் பிள்ளைகளை நிறுத்தினார்கள். பள்ளி காலியானாலும் பரவாயில்லை என்று அவர் நின்றார். நூறு பிரசங்கத்தில் தெரியாத உபதேசம் அந்த ஒரு மறுப்பில் தெரிகிறது.

"கிறிஸ்தவத்தில் சாதி இல்லை"

கள்ள உபதேசத்துக்கு விலை உண்டு. அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்க, காந்தி இர்வின் பாலச் சாலைக்குப் போக வேண்டும். அங்கே சாலையோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் சூசை. ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். 1980-களில் சாலையோரத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசப் பெட்டிக்கடை தந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த இந்து ஆதிதிராவிடர்களுக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தைச் சேராதவர் பட்டியல் சாதியாக மாட்டார் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை திறக்கவில்லை.

சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985 செப்டம்பர் 30 அன்று மனு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்றது நீதிமன்றம்.

ஆதாரமா இல்லை? 1704-ன் ஆணை ஆதாரம். ராஜநாயக்கனுக்கு மறுத்த அங்கி ஆதாரம். 1833-ன் கடிதம் ஆதாரம். 2003-ல் தமிழ்நாட்டு ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டை ஒழிக்கச் சொன்னதும், 2016-ல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டதும் ஆதாரம். "கிறிஸ்தவத்தில் சாதி இல்லை" என்பது வேதத்தின் வாக்குறுதியாகச் சொன்னால் சத்தியம். சபையின் நிலவரமாகச் சொன்னால் பொய். இந்த இரண்டையும் குழப்பியதன் விலை, சூசைக்குக் கிடைக்காத பெட்டிக்கடை.

சாபமும் சாம்பலும்

எண்ணூர் அக்காவின் போதகருக்கு வருவோம். நம் மக்கள் ஏன் பழைய கோயில்களை விட்டு இப்படிப்பட்ட வீட்டுச் சபைகளுக்குப் போகிறார்கள்? ஏமாளிகள் என்பதாலா? மதராஸ் புராட்டஸ்டண்டுகளிடையே 1970-களிலும் 80-களிலும் களஆய்வு செய்த மானுடவியலாளர் லயனல் கேப்லன் 1987-ல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை தேடினார். வசதியான சபைத் தலைமை, ஏழைகளின் அன்றாட வேதனையைப் பற்றிப் பேசும் மொழியையே இழந்துவிட்டது. சூனியம், பேய், நோய் என்று ஏழை தவித்தபோது அதைக் காதுகொடுத்துக் கேட்டவர்கள் ஜெப வீரர்கள்தான் என்று அவர் காட்டினார். என் அனுபவமும் அதுவே. வீட்டுச் சபையில் அந்த அக்கா முன்வரிசையில் உட்காரலாம், எழுந்து சாட்சி சொல்லலாம், யாரும் சாதி கேட்பதில்லை. அந்த மரியாதை உண்மையானது. அதை நாம் கேலி செய்யக் கூடாது.

ஆனால் அந்த மரியாதையைக் கொடுத்த கையே சாபக் கணக்கையும் நீட்டுகிறது. எண்ணூரில் ஒரு குழந்தைக்கு மூச்சிரைக்கிறது என்றால், அனல்மின் நிலையச் சாம்பலும் லாரிப் புழுதியும் ஆலைப் புகையும் கண்ணெதிரே நிற்கின்றன. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்களே, அது யாருடைய பாட்டன் செய்த பாவம்? 'சாதி உலக வழக்கம்தான்' என்ற பழைய வாதமும் 'நோய் பரம்பரைச் சாபம்' என்ற புதிய வாதமும் ஒரே வேலையைச் செய்கின்றன. குற்றம் செய்தவர் மறைந்துவிடுகிறார். அடிபட்டவர் காரணம் ஆகிவிடுகிறார்.

சுகமாக்கும் ஊழியம் என்றால் என்ன என்பதற்கு இதே வடசென்னையில் இன்னொரு உதாரணம் உண்டு. மெட்டில்டா மெக்ஃபெயில் என்ற ஸ்காட்லாந்துப் பெண் மருத்துவர் 1888-ல் இராயபுரத்தில் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். அதுதான் வளர்ந்து 1914-ல் ரெய்னி மருத்துவமனை ஆனது. மருந்து அவிசுவாசம் என்று அவர் நினைக்கவில்லை. அவருக்கு மருந்தே ஊழியம்.

அக்காவிடம் சொன்னது

ஒரு மாதம் கழித்து அந்த அக்காவைத் திரும்பவும் பார்த்தேன். பையனை ஸ்டான்லிக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார், மருந்து தொடர்கிறது. பணம் வரவில்லை. இந்த முறை பதில் சொன்னேன்.

மரத்தை அதன் கனியால் அறியலாம் என்று உங்க வேதமே சொல்லுதுக்கா. நீங்க நாலு விஷயம் பாருங்க. அவர் உங்க வீட்டுல சாப்பிடுறாரா, உங்களைத் தன் வீட்டுப் பந்தியில உட்கார வைக்கிறாரா? காணிக்கைக் கணக்கைக் கேட்டா காட்டுறாரா? எதிர்க் கேள்வி கேட்டா பதில் சொல்றாரா, சபிக்கிறாரா? உங்க கஷ்டத்துக்கு உங்களையே குத்தம் சொல்றாரா, கஷ்டம் குடுத்தவங்களையும் கேட்கிறாரா?

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அக்கா சொன்னார்: "தம்பி, எங்க வீட்டுல அவரு தண்ணிகூடக் குடிச்சதில்ல. உபவாசம்னு சொல்வாரு."

அதற்குமேல் நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தம்பிகளே, தங்கைகளே, நம்மில் பலருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் சேரிகளில் வேலை செய்யும்போது நம்பிக்கையோடு வாழும் அம்மாக்களிடம்தான் போகிறோம். அவர்களிடம் இந்த நாலு கேள்வியைக் கொண்டு போங்கள். அப்படியே நம் அமைப்புகளிலும் நம் தலைவர்களிடமும் இதே நாலையும் கேளுங்கள். கள்ளப் போதகர்கள் சபைகளில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று யார் சொன்னது?

ஜெய் பீம்.