பரணியும் பேரோசையும்

ஒரு நூல் நிலைத்து வாழ்கின்றது என்பதற்கு அடையாளம் யாது? அதனைப் பலர் படித்தனர் என்பதா? அதனால் தூண்டப்பெற்றுப் பலர் தாமும் புதியன படைத்தனர் என்பதா? பின்னதே உறுதியான அடையாளம் என்பேன். இவ்வளவுகோலை ஓர் இசைத்தொகுப்புக்கும் பொருத்திக் காண்போம்.

1991ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி விடுமுறையில் ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருந்தேன். என் அத்தையின் வீடு குவீன்ஸ்டவுனில் இருந்தது. 1953இல் நடைபெற்ற இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழா நினைவாகப் பெயர் பெற்ற, சிங்கப்பூரின் முதல் துணை நகரம் அது. அடுக்குமாடி வீட்டின் சிற்றறையிலே அத்தை மகன் ஓர் ஒலிநாடாவைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அரைமணி நேரம் பொறுத்திருந்தேன். மறுபுறமாவது செவிக்கு இதமாக இருக்குமென்று எண்ணித் திருப்பிப் போட்டேன். அதே பாடல்கள் முதலிலிருந்து தொடங்கின! “தம்பி, இது பாட்டா, பேய்க்கூச்சலா?” என்று கேட்டு, ஒரு சொற்பொழிவே ஆற்றிவிட்டேன். அவன் மறுமொழி கூறவில்லை. ஒலியைக் குறைத்தான். அதன் பின்னர் என்னிடம் இசையைப் பற்றி அவன் வாய் திறந்ததேயில்லை.

அந்த நாடா, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியைச் சேர்ந்த ‘ஸ்லேயர்’ குழுவினர் 1986 அக்டோபர் 7ஆம் நாள் வெளியிட்ட ‘ரெய்ன் இன் பிளட்’. ‘த்ராஷ் மெட்டல்’ எனப்படும் விரைவிசை வகையைச் சேர்ந்தது. பாடல்கள் பத்து, மொத்த நேரமோ 29 நிமிடந்தான். எனவே நாடாவின் இருபுறமும் முழுத்தொகுப்பையும் பதிந்து விற்றனர். குழுவின் பாடகர் டாம் அராயா சிலி நாட்டிலே பிறந்தவர். முரசறைந்த டேவ் லொம்பார்டோ கியூபாவிலே பிறந்தவர். குடியேறியோர் வீட்டுப் பிள்ளைகளின் குரலும் கையும் அதில் இருந்தன என்பது நம்மனோர் நினைவிற்கொள்ளத் தக்கது.

தயாரிப்பாளர் ரிக் ரூபின், எதிரொலிப் பூச்சுகளை நீக்கி ஒவ்வொரு தந்தியும் ஒவ்வோர் அடியும் தெளிவாகக் கேட்கச் செய்தார். விரைவும் தெளிவும் ஒருங்கே அமைந்ததுதான் அதன் புதுமை. அதனின்று வலுப்பெற்றதே ‘டெத் மெட்டல்’ என்னும் கிளை. பிற துறையினரும் அதனை எடுத்தாண்டனர். ‘பப்ளிக் எனிமி’ என்னும் கறுப்பின ராப் குழுவினர் 1988இல் அதன் இசைத்துணுக்கு ஒன்றைத் தம் பாடலிலே சேர்த்தனர். டோரி ஏமஸ் என்னும் பாடகியார் 2001இல் அதன் இறுதிப் பாடலைத் தம் போக்கிலே மாற்றிப் பாடினார்.

அதன் பொருள் கொடியதன்றோ எனலாம். உண்மையே. முதற்பாடல் நாஜி மருத்துவன் மெங்கலே சிறைமுகாமில் இழைத்த கொடுமைகளைக் கூறுவது. பாட்டினுள்ளே கண்டனச் சொல் வெளிப்படையாக இல்லாமையால் குழுவினர் பழிக்கு ஆளாயினர். தாம் நாஜி ஆதரவாளர் அல்லர் என்று அவர்கள் மறுத்தனர். வழக்கமாக விற்பனை செய்யும் கொலம்பியா நிறுவனம் இத்தொகுப்பை ஏற்க மறுத்துவிட்டது. இப்பொறுப்பின்மையை நான் இன்றும் போற்றவில்லை. ஆயினும் வகுப்பிலே கலிங்கத்துப்பரணி நடத்தும் நாம், குருதிக் களத்தைப் பாடியமைக்காகவே ஒன்றைத் தள்ளிவிட முடியுமா? முதற் குலோத்துங்கன் காலத்துச் சயங்கொண்டார், பேய்கள் போர்க்களத்தில் கூழ் அட்டு உண்பதைச் சுவைபடப் பாடவில்லையா? போரின் விரைவைச் செவியிலே எழுப்பத் தாழிசையின் சந்தத்தை மாற்றி மாற்றி முடுக்கவில்லையா? ‘பேய்க்கூச்சல்’ என்று இகழ்ந்த எனக்கு, பேய்களைப் பாடிய புலவர் அன்று நினைவுக்கு வரவில்லை!

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். 1992இல் தென்னிந்திய வழிவந்த இளைஞர் சிலர் இங்கே ‘ருத்ரா’ என்னும் குழுவைத் தொடங்கினர். டெத் மெட்டல், த்ராஷ் மரபில் நின்று, அதனோடு இந்தியச் செவ்வியல் இசையையும் உபநிடதக் கருத்துகளையும் இணைத்தனர். ‘வேத மெட்டல்’ என்று அதற்குப் பெயர் வழங்கிற்று. 1998இல் முதல் தொகுப்பும், 2003இல் ‘குருக்ஷேத்திரா’வும், 2005, 2009, 2011 ஆகிய ஆண்டுகளில் ‘பிரம்மவித்யா’ என்னும் முப்பகுதித் தொகுப்பும் வெளிவந்தன. ஆசிரியர்களைப் பயிற்றும் தேசியக் கல்விக் கழகத்தைச் சேர்ந்த யூஜீன் தைரியநாதன், இவ்விசையையும் இங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தையும் இணைத்து 2009இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

அயல்நாட்டுப் பேரோசை தம் முன்னோரின் மரபை நாடும் வழியாயிற்று. செல்வாக்கு என்பது இதுவே: பிறர் தந்த கலத்திலே தன் வீட்டுப் பாலை நிரப்புதல். ஆனால் நாம் மகிழ்ந்து அமைவதற்கில்லை. அப்பாடல்களின் மொழி பெரும்பாலும் ஆங்கிலம்; இடையிடையே வடமொழி. தமிழ் எங்கே? பரணியின் சந்தம் அவ்விரைவுக்கு ஈடுகொடுக்காதா? கொடுக்கும். ஆயின் அதனை ஓசையோடு அவ்விளைஞரின் செவிக்கு நாம் கொண்டு சேர்த்தோமா என்பதே கேள்வி. பரணியைப் பொருளுரைக்கும் தேர்வு வினாவுக்கும் உரியதாக்கிவிட்டு, இளைஞர் ஓசையைத் தேடி வேறிடம் போனார்களென்று வருந்துவது முறையாகாது.

இன்று தோட்டப் பள்ளித் தலைமையாசிரியனாகிய நான், ஆண்டுதோறும் பரணியின் சில தாழிசைகளை மாணவர்களைக் கொண்டு மேசையிலே தாளமிட்டு உரக்கப் பாடச் செய்கின்றேன். பொருள் பிறகு வரும். பக்கத்து வகுப்பினர் முதலில் முறையிட்டனர். இப்பொழுது அவர்களும் வந்து கேட்கின்றனர். சென்ற பொங்கலுக்கு அத்தை மகனிடம் இதைச் சொன்னேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அவன் அந்தப் பழைய நாடாவை எடுத்து வந்து என் கையிலே கொடுத்தான். எந்தப் புறத்தையும் போடலாம் என்றான்.