எல்லையோர மனுக்களும் எர்ணாகுளம் நீதிமன்றமும்: கேரள உயர் நீதிமன்றம் மனுக்களை ஏற்கும் முறையின் வரலாறு

உயர் நீதிமன்றம் தன்னிடம் வரும் எல்லா மனுக்களையும் விசாரித்தே தீர வேண்டும் என்பதில்லை. சட்டம் உரிமையாகத் தந்திருக்கும் மேல்முறையீட்டை அது எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் வரும் ரிட் (நீதிப்பேராணை) மனு அப்படியல்ல. அதை ஏற்பதும் மறுப்பதும் பெருமளவு நீதிபதியின் மதிப்பீட்டைச் சார்ந்தவை. அந்த மதிப்பீட்டுக்கான வரம்புகள் ஒரே நாளில் வகுக்கப்பட்டவை அல்ல. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களில் தமிழ்நாட்டை ஒட்டிய பகுதிகளின் வழக்கு வரலாற்றில் அவை உருவான விதம் தெளிவாகத் தெரிகிறது.

1949க்கு முன் இந்த எல்லைப்பகுதி மூன்று நீதி அமைப்புகளின்கீழ் இருந்தது. பாலக்காடு நகரமும் சுற்றுவட்டாரமும் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மாகாணத்துக்குள் அவற்றின் உச்ச முறையீட்டு இடம் 1862இல் தொடங்கப்பட்ட சென்னை உயர் நீதிமன்றம். சில மைல் கிழக்கே இருந்த சிற்றூர் வட்டம் கொச்சி அரசுக்குச் சொந்தம். தெற்கே தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. கொச்சிக்கும் திருவிதாங்கூருக்கும் தனித்தனி நீதிமன்றங்கள் இருந்தபோதும் ஆங்கிலேய ரிட் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. கல்கத்தா, பம்பாய், சென்னை உயர் நீதிமன்றங்களுக்கு மட்டுமே அது இருந்தது.

சென்னையின் ஆளுகையில் இருந்ததால் பாலக்காட்டு விவசாயிக்கு அந்த அதிகாரம் பயன்பட்டதா என்றால், இல்லை. 1943இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த பர்லாக்கிமிடி வழக்கு இதை உறுதிப்படுத்தியது. ஜமீன் குடியானவர்களின் குத்தகையை உயர்த்திய உத்தரவை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில், அதை ரத்துசெய்யும் செர்ஷியோரரி ரிட் கோரப்பட்டது. உத்தரவிட்ட வருவாய் வாரியம் சென்னை நகரில்தான் இயங்கியது. ஆனால் நிலமும் குடியானவர்களும் நகர எல்லைக்கு வெளியே இருந்ததால் அந்த ரிட்டை வழங்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றாயிற்று. மலபாரும் அதே நிலையில்தான் இருந்தது. சட்டவிரோதக் காவலை எதிர்ப்பதற்கு மட்டும் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் வேறு வழி இருந்தது. மற்றபடி அரசு அதிகாரியின் உத்தரவை எதிர்க்க நினைத்தவர் உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் சிவில் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியதுதான்.

1949 ஜூலை 7 அன்று திருவிதாங்கூர்–கொச்சி உயர் நீதிமன்றம் எர்ணாகுளத்தில் தொடங்கியது. 1950 ஜனவரி 26 முதல் எல்லா உயர் நீதிமன்றங்களும் தம் ஆட்சிப்பரப்பு முழுவதும் ரிட் வழங்கும் அதிகாரம் பெற்றன. தேவிகுளத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளியும் சிற்றூர் விவசாயியும் அரசை நேரடியாக உயர் நீதிமன்றத்துக்கு இழுக்க முடிந்தது அன்றுமுதல்தான். 1956 நவம்பர் 1 அன்று கேரள உயர் நீதிமன்றம் உருவானபோது மலபாரும் அதன்கீழ் வந்தது. தனி நீதிபதி எதை விசாரிக்கலாம், இரு நீதிபதிகள் அமர்வுக்கு எது போக வேண்டும், தனி நீதிபதியின் தீர்ப்பை எதிர்த்து எங்கே மேல்முறையீடு செய்வது என்பவற்றைக் கேரள உயர் நீதிமன்றச் சட்டம், 1958 வகுத்தது.

புதிய அதிகாரத்தின் எல்லைகளைச் சோதித்த முதல் வழக்குகளில் இரண்டு சென்னை மாகாணத்தில் பிறந்தவை. நாமக்கல் தொகுதியில் தன் வேட்புமனு தள்ளுபடியானதை எதிர்த்து என்.பி.பொன்னுசாமி தொடுத்த வழக்கில், தேர்தல் நடந்துகொண்டிருக்கையில் ரிட் மனுவை ஏற்கக் கூடாது, முடிந்தபின் தேர்தல் மனுதான் வழி என்று உச்ச நீதிமன்றம் 1952இல் கூறியது. அடுத்த ஆண்டு சாகா வெங்கட ராவ் வழக்கில், தேர்தல் ஆணையம் டெல்லியில் இருப்பதால் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு ரிட் பிறப்பிக்க முடியாது என்று தீர்ப்பானது. மனுதாரரின் ஊரைவிட எதிர்மனுதாரரின் அலுவலகம் இருக்கும் ஊரே முக்கியமாயிற்று. தொலைவில் வாழும் ஏழைக்கு இது நியாயமற்ற விதி. 1963இல் 15ஆவது திருத்தம் இதை மாற்றியது: வழக்குக்கான காரணம் முழுமையாகவோ பகுதியாகவோ எந்த உயர் நீதிமன்றத்தின் எல்லைக்குள் எழுகிறதோ அந்த நீதிமன்றமும் மனுவை ஏற்கலாம். அதிலும் உச்ச நீதிமன்றம் 2004இல் குசும் இங்காட்ஸ் வழக்கில் ஒரு கடிவாளம் போட்டது. காரணத்தின் சிறு துணுக்கு மட்டும் தன் எல்லையில் இருந்தால், வேறு நீதிமன்றமே பொருத்தமானது என்று கருதி உயர் நீதிமன்றம் மனுவை ஏற்க மறுக்கலாம்.

எர்ணாகுளத்தில் ஒரு மனு கடக்க வேண்டிய படிகளில் முதலாவது பதிவாளர் அலுவலகம். பிரமாணப் பத்திரம், வக்காலத்து, கட்டணம், ‘எக்ஸிபிட் பி1’, ‘பி2’ என்று வரிசையாக எண்ணிட்ட ஆவணங்கள் எல்லாம் அங்கே சரிபார்க்கப்படும். குறை இருந்தால் மனு எண் பெறாமல் திரும்பும். குறையே இல்லை என்று வழக்கறிஞர் வாதிட்டால், எண்ணிடாத நிலையிலேயே அது நீதிபதி முன் வைக்கப்படும். மனு நிலைக்குமா என்பதை அவர்தான் முடிவு செய்வார். மூணாறிலிருந்து வரும் தமிழ் ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு தேவை. உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். எந்த வகை வழக்கு எந்த நீதிபதிக்கு என்ற பட்டியல் தலைமை நீதிபதியின் கையில் இருக்கிறது. ஏற்பு விசாரணை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். அரசு வழக்கறிஞர் அங்கேயே நோட்டீசைப் பெற்றுக்கொள்வார். மனு ஏற்கப்படும், அல்லது அதிகாரி இத்தனை நாளில் முடிவெடுக்க வேண்டும் என்ற உத்தரவோடு முடித்துவைக்கப்படும். மூன்றாவது வாய்ப்பு, தொடக்கத்திலேயே தள்ளுபடி. காரணம் சொல்லாமல் அப்படித் தள்ளிய உத்தரவு உச்ச நீதிமன்றத்தின் கதவை அடைத்துவிடாது என்று தரியாவ் வழக்கில் 1961இல் விளக்கப்பட்டது.

அந்தச் சில நிமிடங்களில் நீதிபதி முதலில் பார்ப்பது மாற்று நிவாரணம். மேல்முறையீட்டு அதிகாரியோ தீர்ப்பாயமோ இருந்தால் மனுதாரர் முதலில் அங்கே போக வேண்டும். இது நீதிமன்றம் தானாக வகுத்துக்கொண்ட சுயக்கட்டுப்பாடு மட்டுமே. நெருக்கடிநிலைக் காலத்தில் 1976இன் 42ஆவது திருத்தம் இதைப் பல மனுக்களுக்கு முழுத் தடையாக்கியது. 44ஆவது திருத்தம் பழைய நிலையை மீட்டது. அடிப்படை உரிமை மீறல், இயற்கை நீதி மறுப்பு, அதிகார வரம்பற்ற செயல் ஆகியவை இருந்தால் மாற்று வழி இருந்தாலும் மனுவை ஏற்கலாம் என்று 1998இல் வேர்ல்பூல் வழக்கு தொகுத்துச் சொன்னது. காலதாமதமும் தள்ளுபடிக்குப் போதுமான காரணம். மாநிலங்களுக்கு இடையேயான தகராறோ உயர் நீதிமன்றத்தின் கைக்கு எட்டாதது. முல்லைப் பெரியாறு அணை பற்றி இரு மாநில உயர் நீதிமன்றங்களிலும் இருந்த மனுக்கள் இறுதியில் உச்ச நீதிமன்றத்துக்கே போய்ச் சேர்ந்தன.

யார் மனு போடலாம் என்ற கேள்வியில்தான் மாற்றம் பெரிது. 1981இன் எஸ்.பி.குப்தா தீர்ப்புக்குப் பின், நேரடியாகப் பாதிக்கப்படாதவரும் பொதுநலன் கருதி வரலாம் என்றாயிற்று. சிற்றூர் வட்டத்தின் பெருமாட்டி பஞ்சாயத்தில் உள்ள பிளாச்சிமடா விவகாரத்தில் அதைவிட விசித்திரமான நிலை எழுந்தது. கோக்கோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சுவதை எதிர்த்து ஆதிவாசி மக்கள் 2002 ஏப்ரல் 22 அன்று போராட்டம் தொடங்கினர். பஞ்சாயத்து ஆலையின் உரிமத்தை நீக்கியது. அரசு 2003 அக்டோபரில் அதற்கு எதிராக உத்தரவிட்டது. உள்ளாட்சி அமைப்பே தன் மாநில அரசை எதிர்த்து மனுதாரராக எர்ணாகுளம் போனது. மனு ஏற்கப்பட்டு, அந்த டிசம்பர் 16 அன்று நீதிபதி கே.பாலகிருஷ்ணன் நாயர் தீர்ப்பளித்தார். நிலத்தடி நீர் மக்களின் பொதுச்சொத்து, அரசு அதன் அறங்காவலர் மட்டுமே என்றார். ஆலையை மூடச் சொன்ன பஞ்சாயத்தின் முடிவை அவர் அப்படியே ஏற்கவில்லை. மாற்று நீராதாரம் தேடிக்கொள்ளுமாறு நிறுவனத்திடம் கூறினார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு இந்தத் தீர்ப்பை மாற்றி, நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டர் எடுக்க அனுமதித்தது. ஆலை 2004 மார்ச்சிலேயே நின்றுவிட்டிருந்தது. வழக்கில் வென்றவர் யார் என்பதைவிட, அந்த மனு உள்ளே வந்ததே பிளாச்சிமடாவின் சட்டப் பயன்.

பொதுநல வழக்கு பெருகியபின் வடிகட்டியும் இறுகியது. மனுதாரரின் நோக்கத்தைச் சோதிக்க விதிகள் வகுக்குமாறு 2010இல் பல்வந்த் சிங் சௌஃபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா உயர் நீதிமன்றங்களையும் பணித்தது.

ரிட் மனுவில் நீதிபதிக்கு இருக்கும் நெகிழ்வு எதுவும் தேர்தல் மனுவில் செல்லாது. 1957 தேவிகுளம் தேர்தலைத் தேர்தல் தீர்ப்பாயம் செல்லாததாக்கி, 1958இல் இடைத்தேர்தல் நடந்தது. முதலில் வென்றிருந்த ரோசம்மா புன்னூஸே மீண்டும் வென்றார். 1966இன் சட்டத்திருத்தத்துக்குப் பின் தேர்தல் மனுக்கள் நேராக உயர் நீதிமன்றத்துக்கே வருகின்றன: 45 நாள் கெடு, காப்புத் தொகை, சட்டம் சொல்லும் எதிர்மனுதாரர்கள். இவற்றில் ஒன்று பிசகினாலும் மனு தள்ளுபடி; சரியாக இருந்தால் விசாரித்தே ஆக வேண்டும். அதே தேவிகுளம் தனித்தொகுதியில் 2021இல் வென்ற ஏ.ராஜாவின் தேர்தலை, தமிழ்நாட்டிலிருந்து குடிபெயர்ந்த குடும்பத்தவரான அவர் கிறித்தவ மதத்தைப் பின்பற்றியதால் கேரளத்தில் அவருக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை என்று கூறி உயர் நீதிமன்றம் 2023 மார்ச் 20 அன்று செல்லாததாக்கியது. உச்ச நீதிமன்றம் 2025 மே 6 அன்று அந்தத் தீர்ப்பை மாற்றியது.

நிலப்பரப்பு விதி இன்றும் எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை 2023இல் அரிக்கொம்பன் யானை காட்டியது. இடுக்கி மாவட்டத்துச் சின்னக்கானலில் அதைப் பிடிக்கும் திட்டத்தை எதிர்த்து விலங்கு நல அமைப்புகள் போட்ட மனுவை, மார்ச் 23 இரவு தனி அமர்வு கூட்டியே கேரள உயர் நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. ஏப்ரல் 5 அன்று யானையைப் பாலக்காடு மாவட்டத்துப் பறம்பிக்குளத்துக்கு மாற்ற உத்தரவிட்டது. நெம்மாறா சட்டமன்ற உறுப்பினர் கே.பாபுவின் மறுஆய்வு மனு தள்ளுபடியானது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் சென்றும் பலனில்லை. ஆனாலும் மக்கள் எதிர்ப்பால் யானை பெரியாறு புலிகள் காப்பகத்தில்தான் விடப்பட்டது. அங்கிருந்து மேகமலை வழியாகத் தமிழ்நாட்டின் கம்பம் நகருக்குள் அது இறங்கியபின், யானையைக் காக்கக் கோரி எர்ணாகுளத்தில் இன்னொரு பொதுநல மனு வந்தது. இரண்டு மாதங்களுக்கு முன் இரவில் கூடிய நீதிமன்றம் இம்முறை இடம் கொடுக்கவில்லை: யானை தமிழ்நாட்டில் இருக்கிறது, சென்னை உயர் நீதிமன்றத்தை நாடலாம் என்றது. ஜூன் 5 அன்று தமிழ்நாடு வனத்துறை யானையைப் பிடித்தது. அதைப் பற்றிய மனுவை விசாரித்தது சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.