நல்லெண்ணெயும் நரம்புச் சோதனையும்

1977ஆம், 1978ஆம் ஆண்டுகளில் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்ச் சிறுமியர் இருபதுக்கும் மேற்பட்டோர் கால்கள் வலுவிழந்து, நடை தளர்ந்து நோயுற்றனர். எல்லோரும் பதின்ம வயதினர், அண்மையில் பூப்பெய்தியவர்கள். பேராதனையைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் நிமல் சேனநாயக்கவும் ஜே. ஜெயரட்ணமும் இந்நோயின் காரணத்தை ஆராய்ந்து, 1981இல் லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். அதே ஆண்டில் சேனநாயக்க, இந்நோயாளர்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவதானித்து, அவர்களது நரம்புகளை மின்முறையில் சோதித்த முடிவுகளை வேறோர் இதழில் எழுதினார். நமது மக்களைப் பற்றிய இவ்வரலாறு மருத்துவ நூல்களில் இடம்பெற்ற அளவுக்கு நமது பத்திரிகைகளில் இடம்பெறவில்லை என்பது என் நெடுநாள் குறை. இன்று மருத்துவர் ‘நரம்புச் சோதனை’ என்று எழுதிக் கொடுத்ததும் அச்சத்தோடு வீடு திரும்பும் பலருக்கு அச்சோதனை எத்தகையது என்பதை விளக்கவும் இவ்வரலாறே நல்ல வழி என நினைக்கிறேன்.

‘கால் இயங்கவில்லை’ என்று ஒருவர் சொன்னால் பழுது எங்கே என்பது கண்ணுக்குத் தெரியாது. மூளையில் இருக்கலாம், முண்ணாணில் இருக்கலாம், அங்கிருந்து கால்வரை ஓடும் நரம்பில் இருக்கலாம், நரம்பு தசையைத் தொடும் சந்தியில் இருக்கலாம், தசையிலேயே இருக்கலாம். இளம்பிள்ளைவாதமும் காலைத் தளர்த்தும், கிலன்-பாரே என்னும் நரம்பு அழற்சியும் தளர்த்தும், நஞ்சும் தளர்த்தும். வெளித்தோற்றம் ஒன்று, நோய்கள் பல. இவற்றைப் பிரித்தறிய மனிதனுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் தேவைப்பட்டன.

இத்தாலியின் பொலோஞ்ஞா நகரத்து மருத்துவர் லூயிஜி கல்வானி, இறந்த தவளையின் கால் மின்சாரத்தால் துடிப்பதை ஆராய்ந்து 1791இல் நூலாக வெளியிட்டார். நரம்பினூடே ஓடுவது மின்தன்மை கொண்டது என்ற எண்ணம் அப்போது வேரூன்றியது. ஆயினும் அது ஓடும் வேகத்தை ஒருபோதும் அளக்க முடியாது என்று ஜேர்மனியின் புகழ்பெற்ற உடற்றொழிலியலாளர் யொஹன்னஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவரான ஹேர்மன் ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1850இல் கேனிக்ஸ்பேர்க் நகரில் ஆசிரியரின் கூற்றைப் பொய்யாக்கினார். தவளை நரம்பை இரு இடங்களில் தூண்டி, தசை துடிக்க எடுத்த நேர வேறுபாட்டை அவர் அளந்தார். விடை செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர். குளிரில் அவ்வேகம் குறைவதையும் அவர் கண்டார். இன்றைய நரம்புக் கடத்துகைச் சோதனையின் கணக்கு அன்று ஹெல்ம்ஹோல்ற்ஸ் போட்ட அதே கணக்குத்தான்: இரு புள்ளிகளுக்கு இடையிலான தூரம், அதற்கு எடுத்த நேரம்.

ஊசிச் சோதனையின் கதை வேறு. 1929இல் இங்கிலாந்தின் எட்கார் ஏட்ரியனும் அமெரிக்கரான டெற்லெவ் புரொங்கும் ஊசித் துவாரத்தினுள் மெல்லிய கம்பியைச் செலுத்தி, உயிருள்ள மனிதத் தசையின் மின் அசைவுகளைப் பதிவு செய்தனர். அவற்றை ஒலிபெருக்கியிலும் கேட்டனர். கண்ணுக்குத் தப்பும் வேறுபாடு காதுக்குத் தப்புவதில்லை என்பதால், இன்றும் ஊசிச் சோதனை நடக்கும் அறையில் நோயாளி தன் தசையின் இரைச்சலைத் தானே கேட்கிறார். இரண்டாம் உலகப் போரில் நரம்பு அறுந்த வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் தேவை இத்துறையை முன்தள்ளியது. 1948இல் ஹோட்ஸ், லராபீ, ஜேர்மன் ஆகிய மூவரும் மனித நரம்பின் கடத்துகை வேகத்தை அளக்கும் முறையை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே லண்டனில் டோசனும் ஸ்கொற்றும், தோலின் மேல் வைத்த மின்வாய்களால் நரம்பின் மின்னசைவைப் பதிவு செய்து காட்டினர்.

ஆக, இன்று ஒரே பெயரில் எழுதிக் கொடுக்கப்படுவன இரு சோதனைகள். முதலாவதில், தோலின் மேல் சிறு மின்வாய்களை ஒட்டி, நரம்பு ஓடும் வழியில் மிகச் சிறு மின் தூண்டல் கொடுத்து, அது சென்றடையும் வேகத்தையும் வலுவையும் அளப்பர். ‘ஈ.எம்.ஜி.’ எனப்படும் இரண்டாவதில், மெல்லிய ஊசியைத் தசையினுள் செலுத்தி, ஓய்விலும் அசைவிலும் அத்தசையின் மின்னசைவைப் பதிவு செய்வர். அந்த ஊசியினால் மருந்து எதுவும் ஏற்றப்படுவதில்லை, மின்சாரமும் பாய்ச்சப்படுவதில்லை. அது செவிமடுப்பதற்கான ஊசி.

சில ஆண்டுகளுக்கு முன் என் வலக்கை விரல்கள் மரத்துப் போனபோது நானும் இச்சோதனைக்கு உட்பட்டேன். மின் தூண்டல், ஈரக் கையால் பழுதான சாதனத்தைத் தொட்டது போன்ற ஒரு சுண்டல். விரல் தானாகத் துள்ளும், வியப்பாக இருக்கும், அடுத்த கணமே அடங்கிவிடும். ஊசி ஏறுகையில் வலி உண்டு. தசையை இறுக்கச் சொல்லும்போது அது சற்றுக் கூடும். மறுநாள் ஊசி ஏறிய இடம் கன்றியிருந்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. மனநோய் மருத்துவத்தில் தலைக்கு மின்சாரம் கொடுப்பதோடு இதனைக் குழப்பிக்கொண்டு அஞ்சுவோர் நம்மிடையே பலர். இரண்டுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ‘கரண்ட் வைத்தால் நோய் மாறும்’ என்று நம்பிச் செல்வோரும் உளர். இது சிகிச்சையன்று, சோதனை மட்டுமே.

பெறுபேற்றை எப்படி வாசிப்பது? நரம்பை ஒரு மின்கம்பியாக எண்ணிக்கொள்ளலாம். உள்ளே கடத்தும் இழை. வெளியே அதைப் போர்த்த உறை. உறை பழுதுற்றால் கணத்தாக்கம் தாமதிக்கும், வேகம் குறையும். கிலன்-பாரே நோயின் பொதுவான வடிவம் இத்தகையது. இழையே அழிந்தால், எஞ்சிய இழைகள் ஏறத்தாழப் பழைய வேகத்திலேயே கடத்தும். ஆனால் வந்து சேரும் அலை சிறுத்துவிடும். நரம்பை இழந்த தசை, ஓய்விலும் தானாகத் துடிப்பதை ஊசி கண்டுபிடிக்கும்.

தோட்டத்துச் சிறுமியரைத் தாக்கிய நஞ்சு இழையை அழிக்கும் வகையைச் சேர்ந்தது. அதன் பெயர் ட்ரை-கிரெசைல் பொஸ்பேற்று. நீண்ட நரம்புகளின் நுனியை அது முதலில் தாக்குவதால் பாதமும் கெண்டைக்காலும் முதலில் தளரும், பின்னர் கைகள். உட்கொண்டு ஓரிரு வாரங்கள் கழித்தே தளர்ச்சி தோன்றும் என்பதால், உண்டதையும் நோயையும் எவரும் எளிதில் தொடர்புபடுத்துவதில்லை. அமெரிக்காவில் மதுவிலக்குக் காலத்தில், 1930இல், இந்நஞ்சு கலந்த இஞ்சிச் சாற்றைக் குடித்துப் பல்லாயிரம் ஏழைகள் முடமாகினர். 1959இல் மொரோக்கோவில், விமான எந்திர எண்ணெய் கலந்த சமையல் எண்ணெயால் ஏறத்தாழ 10,000 பேர் பாதிக்கப்பட்டனர்.

மலையகத்துக்கு இந்நஞ்சு வந்த வழி நல்லெண்ணெய். பூப்பெய்திய பெண்ணுக்கு நல்லெண்ணெய் குடிக்கக் கொடுப்பது நமது பழைய வழக்கம். மகளின் இடுப்பும் எலும்பும் உறுதிப்பட வேண்டும் என்ற அன்பினால் செய்யப்படுவது. முன்னர் கனிய எண்ணெய் ஏற்றப்பட்ட கொள்கலங்களில் அந்த எண்ணெய் கொண்டுவரப்பட்டமையே கலப்படத்துக்குக் காரணமாக இருக்கலாம் என ஆய்வாளர் கருதினர். வீட்டில் எல்லோரும் உண்ண, சிறுமியர் மட்டும் நோயுற்றமைக்கான விடை அந்தச் சடங்கில் இருந்தது. வறுமைப்பட்ட தாயொருத்தி, காசு கொடுத்து வாங்கி, தன் கையாலேயே ஊட்டிய எண்ணெய் அது. மலையகத் தமிழருள் பெருந்தொகையினர் எந்த நாட்டின் குடியுரிமையும் அற்றிருந்த காலம் வேறு. அவர்களது முறையீட்டைக் கேட்க ஆளில்லாத நாளில், அவர்களது நரம்புகள் சொன்னவற்றை ஒரு மருத்துவர் மூன்று ஆண்டுகள் கேட்டுக் குறித்து வைத்தார்.

இங்கே நோயாளிகள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பழுது நரம்பில்தான், அதுவும் இழையில்தான் என்று சோதனை சொல்லும். எண்ணெய் என்று அது சொல்லாது. ‘என்ன உண்டாய், எப்போது உண்டாய், யார் கொடுத்தார்கள்’ என்ற கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையே அதனைச் சொல்லும். பொறி இடத்தைக் காட்டுகிறது. காரணத்தை மனிதரின் வாய்மொழியே காட்டுகிறது.

இதே சேனநாயக்க, லக்ஷ்மன் கரல்லியத்தவுடன் இணைந்து 1987இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில்’ இன்னொரு கண்டுபிடிப்பை வெளியிட்டார். கிருமிநாசினி அருந்தியோர் முதல் நெருக்கடியைக் கடந்து தேறிவரும் வேளையில், ஓரிரு நாட்களின் பின் கழுத்துத் தசைகளும் சுவாசத் தசைகளும் திடீரெனத் தளர்வதை அவர்கள் விவரித்தனர். நரம்பைத் திரும்பத் திரும்பத் தூண்டும்போது தசையின் பதில் வரவரத் தேய்வதைக் கொண்டு, பழுது நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் என்பது புலனாகியது. தேறிவிட்டார் என்று நோயாளியைக் கண்காணிப்பிலிருந்து விடுவித்துவிடக் கூடாது என்ற பாடத்தை உலகம் இலங்கை வைத்தியசாலைகளிடமிருந்து கற்றது. கிராமங்கள்தோறும் கிருமிநாசினி உயிர் குடித்த நாட்டில் இது சிறு பயனன்று.

இனி, சோதனைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை. பட்டினி இருக்கத் தேவையில்லை. குளித்துவிட்டுச் செல்லுங்கள், அன்று உடம்பில் எண்ணெயோ களிம்போ பூச வேண்டாம். எண்ணெய்ப் பசை மின்வாயின் தொடர்பைக் கெடுக்கும். கைகால்கள் குளிர்ந்திருந்தால் நரம்பின் வேகம் குறைந்து, இல்லாத நோய் இருப்பது போலத் தோன்றும். ஒரு பாகை செல்சியசுக்குச் செக்கனுக்கு ஏறத்தாழ 2 மீற்றர் வரை மாறும். ஹெல்ம்ஹோல்ற்ஸ் தவளையில் கண்டது குளிர்நாடுகளில் வாழும் நம்மவர்க்கு இன்றும் பொருந்தும். கை குளிர்ந்திருந்தால் சொல்லுங்கள். சூடாக்கிய பின் சோதிப்பர்.

குருதி உறைதலைத் தடுக்கும் மருந்து எடுப்போரும், நெஞ்சில் பேஸ்மேக்கர் பொருத்தியோரும் அதனை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். எந்த மருந்தையும் தாமாக நிறுத்தக் கூடாது. ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்தி வீசப்படுவதா என்று கேட்பது உங்கள் உரிமை. வலி தாங்க முடியாவிட்டால் நிறுத்தச் சொல்லலாம்.

காலமும் முக்கியம். நரம்பு அறுந்த மறுநாளே ஊசிச் சோதனை செய்தால் முழு உண்மையும் தெரியாது. தசை நரம்பை இழந்த அடையாளங்கள் தோன்ற ஏறத்தாழ இரண்டு, மூன்று வாரங்கள் ஆகும். ஆதலால், மருத்துவர் மீண்டும் வரச் சொன்னால் காசு பறிக்கிறார் என்று உடனே ஐயுற வேண்டியதில்லை. அதுபோல, ‘பெறுபேறு சாதாரணம்’ என்றால் நோயே இல்லை என்று பொருளல்ல. நீரிழிவு நோயாளரின் பாதம் எரிவதற்குப் பெரும்பாலும் காரணமான மிக நுண்ணிய நரம்பிழைகளை இச்சோதனை அளப்பதில்லை. ‘சோதனையில் ஒன்றுமில்லை, எல்லாம் மனப்பிரமை’ என்று வீட்டார் கூறும்போது, எரிவு அனுபவிப்பவர் மனம் நோவது நியாயமே.

எல்லாவற்றுக்கும் மேலாக, மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு ஒளிக்காமல் விடை சொல்லுங்கள். நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம், தோட்டத்துக்கு அடித்த கிருமிநாசினி, சடங்குக்காகக் குடித்த எண்ணெய் எதுவானாலும் சொல்லுங்கள். ‘இதெல்லாம் மருந்தா, இதைப் போய்ச் சொல்வதா’ என்று நாணி மறைப்பதுவே நம்மவரின் வழக்கம். அந்தச் சிறுமியரின் வீடுகளில் எவரும் எண்ணெய்ப் போத்தலைப் பற்றி வாய் திறக்காதிருந்தால், அடுத்த சடங்கு வீட்டிலும் அதே எண்ணெய் ஊற்றப்பட்டிருக்கும். அச்சிறுமியர் இன்று இருப்பின் அறுபதைக் கடந்திருப்பர். அவர்களுள் எத்தனை பேரின் நடை முழுமையாகத் திரும்பியது என்பதை நமது எந்தப் பத்திரிகையும் சென்று கேட்டு எழுதியதாக என் நினைவில் இல்லை. இனியாவது யாரேனும் ஓர் இளம் பத்திரிகையாளர் அவர்களைத் தேடிச் செல்வாராயின், பத்திரிகைத் தொழிலுக்கு அது பெருமை சேர்க்கும்.