‘கிளீன்’ என்றொரு சொல்

வகுப்பறையைக் கூட்டிவிட்டுப் பிள்ளைகள், "கிளீன் பண்ணிட்டோம் சேர்" என்பார்கள். நல்ல சொல்தான். ஆனாலும் வடக்கு முஸ்லிம்களாகிய எங்களுக்கு அது சற்று உறுத்தும்.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்திலிருந்து எங்களை வெளியேற்றினார்கள். சுமார் 75,000 பேர். ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தில் தந்த அவகாசம் இரண்டே மணித்தியாலம். பெரும்பாலானோர் புத்தளத்தில் அகதிகளானோம்.

அன்று அதற்கொரு பெயர் எங்களிடம் இருக்கவில்லை. 1992இல் பொஸ்னியாப் போர் மூண்ட பிறகுதான் ‘எத்னிக் கிளென்சிங்’ உலகச் செய்திகளில் அடிபட்டது. தமிழில் ‘இனச்சுத்திகரிப்பு’ என்றார்கள்.

சுத்தம் செய்வதென்றால் அழுக்கை அகற்றுவது. அப்படியென்றால் அழுக்கு யார்? அது துரத்தியவர்களின் கண்ணால் பார்க்கும் சொல். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் ‘வெளியேற்றம்’ என்றே சொல்லிக் கொடுக்கிறோம்.