ஆர்.ஆர் 310: எந்த வேரியன்ட்டுக்குக் காசு கொடுக்கலாம்?

மத்திகிரி கால்நடைப் பண்ணையைத் தெரியாத ஓசூர்க்காரர் இருக்க முடியாது. பிரிட்டிஷ் காலத்தில் ராணுவத்துக்குக் குதிரை வளர்த்த இடம் அது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் டி.வி.எஸ் ஃபேக்டரியிலிருந்து இப்போது வெளியே வருவது வேறு வகைக் குதிரை. 1980-ல் டி.வி.எஸ் 50 மொபெட் பிறந்த அதே ஓசூரில்தான், 2017 டிசம்பரில் அறிமுகமான அப்பாச்சி ஆர்.ஆர் 310-ம் தயாராகிறது. பி.எம்.டபிள்யூ-வோடு 2013-ல் போட்ட ஒப்பந்தத்தில் உருவான இன்ஜினின் குடும்பம். 312 சிசி, ஒரே சிலிண்டர், 174 கிலோ.

'உள்ளூர் வண்டி, வாங்கிடலாம்' என்று முடிவெடுப்பது சுலபம். ஷோரூமில் உட்கார்ந்த பிறகுதான் தலைவலி. க்விக்‌ஷிஃப்டர் வேணுமா, வேணாமா? டைனமிக் கிட்டா, டைனமிக் புரோ கிட்டா? கலர் எது? ஒவ்வொரு 'ஆமாம்'-க்கும் பில் ஏறும். சிப்காட்டில் ஷிஃப்ட் பார்த்து இ.எம்.ஐ கட்டப்போகிறவருக்கு இது விளையாட்டு இல்லை.

கணக்கிலிருந்தே தொடங்கலாம். 2024 செப்டம்பரில் புது ஆர்.ஆர் 310 வந்தபோது, க்விக்‌ஷிஃப்டர் இல்லாத சிவப்பு வண்டி எக்ஸ்-ஷோரூம் 2.75 லட்சம். க்விக்‌ஷிஃப்டரோடு 2.92 லட்சம். அதே வண்டி பாம்பர் கிரே கலரில் 2.97 லட்சம். இதற்கு மேல் டைனமிக் கிட் 18,000, டைனமிக் புரோ கிட் 16,000 ரூபாய். க்விக்‌ஷிஃப்டரும் இரண்டு கிட்டும் சேர்த்தால் சிவப்பு வண்டியே 3.26 லட்சம் ஆகிறது. ஆரம்ப வண்டிக்கும் இதற்கும் இடைவெளி 51,000 ரூபாய்! 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமாக இறங்கியதால் விலைப்பட்டியல் மாறிவிட்டது. அதனால் இந்த எண்களை அப்படியே மனப்பாடம் பண்ண வேண்டாம். படிக்குப் படி எவ்வளவு ஏறுகிறது என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

வேரியன்ட் எதுவானாலும் இன்ஜின் ஒன்றுதான். 38 பி.எஸ் பவர், 29 என்.எம் டார்க். டூயல் சேனல் ஏ.பி.எஸ், ஸ்லிப்பர் க்ளட்ச், ரெயின், அர்பன், ஸ்போர்ட், ட்ராக் என நான்கு மோடுகள் எல்லாவற்றிலும் உண்டு. 'பேஸ் வேரியன்ட்னா ஸ்பீடு கம்மியா இருக்குமோ' என்ற சந்தேகம் தேவையே இல்லை.

புரோ கிட்: முதல் ஓட்டு இதற்குத்தான்

என்னைக் கேட்டால், காசு கொடுக்க வேண்டிய முதல் விஷயம் டைனமிக் புரோ கிட். பார்த்தால் வண்டியில் எதுவுமே தெரியாது. பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டிப் பெருமைப்படவும் முடியாது. ஆனால் உள்ளே ஆறு அச்சுகளில் அசைவை அளக்கும் ஐ.எம்.யூ சென்ஸார் வேலை செய்கிறது. வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியும்.

இதில் என்ன பெரிசா இருக்கு? சாதாரண ஏ.பி.எஸ் சக்கரத்தின் வேகத்தை மட்டுமே பார்க்கும். நேராகப் போகும்போது பயந்துபோய் பிரேக்கை அழுத்தினால் அது காப்பாற்றும். வளைவில் சாய்ந்திருக்கும்போது கதை வேறு. டயருக்கு இருக்கும் பிடிமானத்தில் பெரும்பங்கு வண்டியைத் திருப்புவதிலேயே செலவாகிவிடும். பிரேக்குக்கு மிச்சம் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் நேர்ச்சாலையில் பிடிப்பதுபோல பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். கார்னரிங் ஏ.பி.எஸ், சாய்வைக் கணக்கில் எடுத்து பிரேக் அழுத்தத்தை முன்கூட்டியே குறைக்கிறது. கார்னரிங் ட்ராக்‌ஷன் கன்ட்ரோல் அதே வேலையை ஆக்ஸிலரேட்டர் பக்கம் செய்கிறது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகிற காட்டுப்பாதையை நினைத்துப் பாருங்கள். மழை பெய்து முடிந்த மதியம், வளைவு திரும்பியதும் ரோட்டில் செம்மண் சேறு, இல்லாவிட்டால் மாடு. யானை நடமாட்டம் உள்ள பகுதியும்கூட. அப்போது நீங்கள் பிரேக்கை யோசித்துப் பிடிக்கப்போவதில்லை. கை தானாக இறுகும். அந்த அரை நொடிக்குத்தான் இந்தப் பதினாறாயிரம். இயற்பியலை அது ஜெயிக்காது, அதிவேகத்தில் போனால் எந்தக் கிட்டும் காப்பாற்றாது. ஆனால் உங்கள் தப்புக்குக் கொஞ்சம் இடம் கொடுக்கும். இன்னொன்று, ஸ்டிக்கரை எப்போது வேண்டுமானாலும் ஒட்டலாம்; இந்த சென்ஸாரையும் சாஃப்ட்வேரையும் பிறகு வெளியில் போட்டுக்கொள்வது நடக்கிற காரியமில்லை. ஃபேக்டரியிலிருந்தே வர வேண்டும்.

டைனமிக் கிட்: உங்களுக்கா, வண்டிக்கா?

முன்னும் பின்னும் அட்ஜஸ்ட் செய்யக்கூடிய சஸ்பென்ஷன், டயர் காற்றழுத்தம் காட்டும் வசதி, துருப்பிடிக்காத பித்தளைப் பூச்சு செயின் ஆகியவை இந்தக் கிட்டில் வரும். சஸ்பென்ஷன்தான் இதில் பெரிய செலவு. ப்ரீலோடு, கம்ப்ரெஷன், ரீபவுண்ட் என்று மூன்று சொற்கள் காதில் விழும். உங்கள் எடைக்கு ஸ்ப்ரிங் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பது ப்ரீலோடு. பள்ளத்தில் எவ்வளவு வேகமாக அமுங்க வேண்டும் என்பது கம்ப்ரெஷன். அமுங்கியது எவ்வளவு வேகமாக எழ வேண்டும் என்பது ரீபவுண்ட்.

நேர்மையாக ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரை எடுத்து, ஒரு க்ளிக் மாற்றி, அதே ரோட்டில் திரும்ப ஓட்டிப் பார்த்து, நோட்டில் எழுதி வைக்கிற ஆளா நீங்கள்? இருங்காட்டுக்கோட்டைக்கோ கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேக்கோ ட்ராக் டே போகிறவரா? அப்படியென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். எடை ரொம்ப அதிகமோ, ரொம்பக் குறைவோ இருந்தாலும் பயன் உண்டு. இல்லையென்றால் அந்தத் திருகுகள் டெலிவரி அன்று இருந்த நிலையிலேயே ஐந்து வருஷம் இருக்கும். காற்றழுத்தத்தைப் பெட்ரோல் பங்க்கில் வாரம் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

க்விக்‌ஷிஃப்டர்? க்ளட்ச் பிடிக்காமலே கியரை ஏற்றவும் இறக்கவும் முடியும். கிருஷ்ணகிரி நோக்கி நெடுஞ்சாலையில் சூளகிரியைத் தாண்டிப் பறக்கும்போது செம ஜாலி. ஆனால் உங்கள் தினசரி வாழ்க்கை அத்திப்பள்ளி, பொம்மசந்திரா ட்ராஃபிக்கில் என்றால், ஊர்ந்து போகும் வேகத்தில் அது குலுங்கும். நின்று கிளம்ப எப்படியும் க்ளட்ச் வேண்டும். 17,000 ரூபாய்க்கு இது ஆசைப்பொருள்தான், தப்பில்லை. என் வரிசையில் இதற்கு மூன்றாவது இடம்.

கலருக்கு 5,000? அது உங்கள் இஷ்டம். இதே இன்ஜினோடு 2022-ல் வந்த பி.எம்.டபிள்யூ ஜி 310 ஆர்.ஆர்-ல் இரண்டு வேரியன்ட்களுக்கு நடுவே 14,000 ரூபாய் வித்தியாசம், அதுவும் பெயின்ட்டுக்கு! அதைப் பார்க்கும்போது இது பரவாயில்லை.

கார் உலகிலும் இதே குழப்பம்தான். 1989-ல் வந்த மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற இலகு ஸ்போர்ட்ஸ் கார் நம் ஊரில் விற்பனைக்கு இல்லை. அமெரிக்காவில் அதை வாங்குகிறவர்கள், லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியலும் பில்ஸ்டீன் டேம்பரும் கொண்ட 'கிளப்' வேரியன்ட்டா, தோல் சீட்டோடு வரும் 'கிராண்ட் டூரிங்'கா என்று இதே மாதிரிதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

பார்டர்காரர்களுக்கு மட்டும்

வேரியன்ட் விலை ஏறினால் சாலை வரியும் ஏறும். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்குத் தமிழ்நாட்டில் 12 சதவிகிதம், கர்நாடகாவில் 18 சதவிகிதம். மேலே சொன்ன 51,000 முழுக்க இன்வாய்ஸில் ஏறினால் ஓசூரில் 6,120 ரூபாய் கூடுதல் வரி, பெங்களூரில் 9,180. எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை, குடியிருப்பது மத்திகிரியில் என்றால் டி.என் 70-ல் பதிவு செய்வதே நியாயம். பின்னால் அங்கேயே குடிபோனால், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்கு மறுபதிவு வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அப்போது வரியும் கேட்பார்கள்.

முக்கியமான ஒன்றை மறந்துவிடாதீர்கள். நல்ல ஹெல்மெட், ஜாக்கெட், கிளவுஸ் வாங்கப் பணம் மிஞ்சவில்லையா? அப்படியானால் க்விக்‌ஷிஃப்டரை வெட்டுங்கள், கலரை வெட்டுங்கள்; தேவைப்பட்டால் புரோ கிட்டையும்கூட. வீட்டில் மனைவியோ அம்மாவோ பின்னால் உட்காரப்போகிறார்கள் என்றால், ஃபேரிங் இல்லாத ஆர்.டி.ஆர் 310-ஐயும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 2023-ல் 2.43 லட்சத்தில் தொடங்கிய வண்டி, 35.6 பி.எஸ், 169 கிலோ. அதிலும் இதே மாதிரி கிட்கள் உண்டு.

புக் பண்ணும் முன் ஷோரூமில் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். புரோ கிட்டை எந்த வேரியன்ட்டோடு வாங்கலாம்? ஆர்டர் கொடுத்துச் செய்யும் வண்டி என்பதால் எத்தனை வாரம் ஆகும்? டெஸ்ட் டிரைவுக்குக் கொடுக்கும் வண்டியில் எந்தக் கிட் இருக்கிறது? மூன்றாவதற்குப் பதில் தெரியாமல் ஓட்டிப் பார்த்தால், நீங்கள் வாங்கப்போகிற வண்டியை நீங்கள் இன்னும் ஓட்டவே இல்லை.