வட்டித் தடை (கிறித்தவம்)

கடனாகக் கொடுத்த முதலுக்கு மேல் எதையும் வாங்கக் கூடாது என்று கிறித்தவத் திருச்சபை வகுத்த விதி. பழைய ஏற்பாட்டின் இணைச்சட்ட நூல் (23:19-20) சொந்த இனத்தாரிடம் வட்டி வாங்குவதை விலக்கி, அயலாரிடம் வாங்க இடம் தருகிறது. 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், மாதம் நூற்றுக்கு ஒன்று என வட்டிக்கு விடும் குருக்களைப் பதவிநீக்கம் செய்தது. அவ்விதி குருக்களுக்கு மட்டுமே உரியது. 1179-இல் மூன்றாம் இலாத்தரன் சங்கம் பொதுமக்களையும் பிடித்தது: ஊரறிந்த வட்டிக்காரருக்கு நற்கருணை கிடையாது, திருந்தாமல் இறந்தால் கிறித்தவ முறைப்படி அடக்கமும் கிடையாது. வட்டி பாவமன்று எனப் பிடிவாதமாகச் சாதிப்பதே மதத்துரோகம் என்றது வியன் சங்கம் (1311-12).

தடைக்கு நியாயம் சொன்னவர்களுள் தலையாயவர் தாமஸ் அக்குவினாஸ். வாடகை வீடு குடியிருந்த பின்னும் மிஞ்சும். திராட்சை ரசம் குடித்தால் தீர்ந்துவிடும். பணமும் ரசத்தின் இனம். ரசத்துக்கு ஒரு விலை, குடிப்பதற்கு இன்னொரு விலை என்று கேட்பது அநீதி என்றார்.

வணிகர் இதற்குள்ளேயே வழி கண்டனர். பிளாரன்சில் ஒரு நாணயத்தில் கொடுத்த பணத்தை இலண்டனில் வேறு நாணயத்தில் பெறும் உண்டியலில், வட்டி மாற்று விகிதத்துக்குள் ஒளிந்துகொண்டது. 1397-இல் தொடங்கிய மெடிச்சி வங்கி இதில் கைதேர்ந்தது. உறுத்தல் மட்டும் போகவில்லை. கோசிமோ தே மெடிச்சி சான் மார்க்கோ மடத்தைப் புதுப்பித்தது முறைகேடாய் வந்த பொருளுக்குப் பரிகாரமாகவே என அவர் காலத்து வாழ்க்கை வரலாற்றாசிரியர் வெஸ்பாசியானோ எழுதியுள்ளார். பாதுவாவில் ஜொத்தோவின் ஓவியங்களால் புகழ்பெற்ற சிற்றாலயத்தைக் கட்டிய என்ரிக்கோ ஸ்க்ரொவேஞ்ஞி ஒரு வட்டிக்காரரின் மகன். தந்தையைக் கவிஞர் தாந்தே தம் காவியத்தில் நரகத்திலேயே உட்கார்த்திவிட்டார்.

1462-இல் பெருஜியாவில் பிரான்சிஸ்கன் துறவியர் ஏழைகளுக்கென அடகுநிலையம் திறந்து, நடப்புச் செலவுக்காகச் சிறு கட்டணம் பெற்றனர். அதுவும் வட்டியே எனத் தோமினிக்கன் சபையார் வாதிட்டனர். 1515-இல் திருத்தந்தை பத்தாம் லியோ பிரான்சிஸ்கர் பக்கம் தீர்ப்பளித்தார். நடப்புச் செலவுக்கான கட்டணத்துக்குத் திருச்சபையின் ஒப்புதல் இவ்வாறு கிடைத்தது. முதலாளியத்தின் ஊக்கத்தைப் புராட்டஸ்டாந்து நெறியில் தேடிய மாக்ஸ் வேபரின் கொள்கையை (1904-05) மறுப்போர் ஒன்றைச் சுட்டுகின்றனர்: லூத்தர் பிறக்கும் முன்பே இத்தாலிய வங்கிகள் கொழித்திருந்தன. ஆயினும் மிதமான வட்டியை வெளிப்படையாக ஏற்ற முதல் பெரிய இறையியலாளர் கால்வினே; ஏழையிடம் வாங்குவதை அவரும் ஒப்பவில்லை.

1745-இல் பதினான்காம் பெனடிக்ட் தடையை மீண்டும் வலியுறுத்தினார். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு சட்டப்படியான வட்டியை அனுமதித்தது. தற்காலத் திருத்தந்தையர் கந்துவட்டியை மட்டும் கண்டித்து வருகின்றனர்.