சோனகதெருவின் கோடைப் பழங்களும் அடுப்படிச் சான்றுகளும்

யாழ்ப்பாணச் சோனகரின் வரலாற்றை எழுத முனைபவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையில்தான் நடக்கிறார்கள். உசனில் இருந்தது, நல்லூருக்கு வந்தது, அங்கிருந்தும் எழும்பி இன்றைய சோனகதெருப் பக்கம் குடியேறியது என்று யாழ்ப்பாண வைபவமாலை சொல்லும் கதையில் தொடங்குவார்கள். பிறகு பள்ளிவாசல்கள், ஒஸ்மானியாக் கல்லூரி, மாநகர முதல்வராக இருந்த எம்.எம். சுல்தான், 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்து ஸாஹிராவின் அதிபராக உயர்ந்த ஏ.எம்.ஏ. அஸீஸ். எல்லாம் வேண்டிய செய்திகளே. ஆனால் இது திண்ணையோடு நின்றுவிடுகிற வரலாறு. அடுப்படிக்குள் போனவர்கள் குறைவு. போனாலும் வட்டிலப்பத்தையும் புரியாணியையும் எழுதிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அந்த இரண்டும் கொழும்பிலும் உண்டு, காத்தான்குடியிலும் உண்டு. யாழ்ப்பாணத்துக்கே உரிய முஸ்லிம் சமையல் எது என்று கேட்டால், கோடைகாலப் பழங்களைக் காயவைத்தும் உப்பிட்டும் காய்ச்சியும் சேமித்த அந்தக் கைவேலைதான் என்று நான் சொல்வேன்.

இதைச் சொல்ல நான் யாழ்ப்பாணத்தானல்ல, புத்தளத்தான். 1990 நவம்பரில் எங்கள் ஊரின் தென்னந்தோட்டங்களுக்குள் கிடுகுக் கொட்டில்கள் எழும்பின. எங்கள் வீட்டுக்குப் பின்வளவிலும் நான்கு குடும்பங்கள் இருந்தன. உம்மா சோறும் மாற்றுப் புடைவையும் கொடுத்தார். சில மாதம் கழித்து எங்கள் மரத்தில் மாங்காய் பிடித்தபோது, அவர்களில் மூத்த பெண் ஒருவர் வேலிப்பக்கம் வந்து, “ராத்தா, பழைய சாடி ஒண்டு இருக்குமா?” என்று கேட்டார். அகதியாக வந்தவர் சாடி கேட்கிறாரே என்று உம்மாவுக்கு ஆச்சரியம். அந்தப் பெண்ணை நாங்கள் பெரியம்மா என்று கூப்பிட்டோம். இக்கட்டுரையில் உள்ள செய்முறைகளில் பாதி அவர் வாயால் கேட்டவை. மீதி, பின்னாளில் சோனகதெருவிலும் புத்தளத்திலும் முதிய பெண்களிடம் கேட்டுக் குறித்தவை.

முதலில் பருவத்தைச் சொல்ல வேண்டும். குடாநாட்டில் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீரையே கிணற்றால் இறைக்க வேண்டும். சித்திரை முடிந்து காண்டாவனம் தொடங்கினால் நிலம் கொதிக்கும், சோளகக் காற்று வீசத் தொடங்கும். அந்தக் காய்ச்சலில்தான் பழங்கள் வரும். முதலில் நுங்கு, கூடவே மாங்காய், அடுத்து மாம்பழம். தென்மராட்சிப் பலாவும் அதையொட்டியே வரும். ஆடி, ஆவணியில் பனம்பழம் விழும். அதற்குப் பிறகு வாடை, மழை. ஆகவே நான்கு மாதத்து மிகுதியை எட்டு மாதத்துக்கு நீட்டுவது எப்படி என்பதுதான் குடாநாட்டு அடுப்படியின் கேள்வி. சாதி, மதம் பாராமல் எல்லா வீட்டுக்கும் அதே கேள்வி. விடைதான் கொஞ்சம் வேறுபட்டது.

சோனகதெரு தோட்டக்காரர் ஊரல்ல. ஒடுங்கிய ஒழுங்கைகள், நெருக்கமான வீடுகள். முற்றத்தில் ஒரு மாதுளையோ தேசியோ முருங்கையோ நிற்கும், அவ்வளவுதான். பழம் திருநெல்வேலிச் சந்தையிலிருந்தும் சுன்னாகத்திலிருந்தும் சாவகச்சேரியிலிருந்தும் வரும். கடகத்தோடு வாசலுக்கு வந்து விற்கும் பெண்களிடமும் வாங்குவார்கள். சாவகச்சேரியிலும் முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். மாஞ்சோலைக்கும் பலாத்தோப்புக்கும் நடுவில் இருந்த அவர்களுக்குப் பட்டணத்துக்காரர் மேல் சிறு இளக்காரம் உண்டு போலும். “அவங்க காசுக்கு வாங்கித் தின்னுறவங்க, நாங்க விழுறதப் பொறுக்கித் தின்டனாங்க” என்று அவ்வூர்ப் பெண்ணொருவர் சொல்லிச் சிரித்தார்.

கறுத்தக் கொழும்பானை ஊறுகாய் போடுவதை இந்தப் பெண்கள் ஏறக்குறைய பாவமாகவே கருதுகிறார்கள். அது பழுத்தபின் சோற்றோடு பிசைந்து தின்ன வேண்டியது. ஊறுகாய்க்குப் புளித்த நாட்டுக்காய்தான் சரி. பெரியம்மாவின் முறை இது: கொட்டை முற்றாத காயை நீளவாக்கில் பிளந்து, கல்லுப்புப் புரட்டி மூன்று நாள் சாடியில் ஊறவிட்டு, தண்ணீரை வடித்து, ஓலைப்பாயில் வதங்கும்வரை காயவைப்பது. வடித்த உப்புத்தண்ணீரை ஊற்றிவிடக் கூடாது. பிறகு கடுகு, செத்தல் மிளகாய், உள்ளி, இஞ்சி எல்லாவற்றையும் வினாகிரி விட்டு அம்மியில் அரைத்து, கொட்டை நீக்கிய பேரீச்சம்பழத்தையும் சின்ன வெங்காயத்தையும் சேர்த்துச் சாடியில் அடைப்பது. பேரீச்சம்பழமும் வினாகிரியும் கடுகும் சேரும் இந்தக் கூட்டு யாழ்ப்பாணத்து இந்து வீடுகளின் மாங்காய் ஊறுகாயில் வழக்கமில்லை. ஒல்லாந்தர் காலத்தில் சாவகத்திலிருந்து இலங்கைக்கு வந்த மலாய்க்காரரின் அச்சாறோடுதான் இதற்கு உறவு. தென்னிலங்கை முஸ்லிம் கலியாணச் சகனில் சோற்றோடு இருக்கும் அதே அச்சாறு. கல்யாண உறவுகள் வழியாகவோ வியாபாரம் வழியாகவோ அது வடக்கே ஏறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ‘அச்சார்’ என்ற சொல்லோ பாரசீகம்.

உப்பிட்ட மாங்காய்க்கு இன்னும் பழைய சாட்சி ஒருவர் இருக்கிறார். 1344இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த இப்னு பதூதா, தம் பயண நூலின் இந்தியப் பகுதியில் மாங்காயைப் பற்றி எழுதுகிறார். பழுக்குமுன் விழும் காய்களைப் பொறுக்கி, தம் நாட்டில் எலுமிச்சையை ஊறவைப்பது போல உப்பிட்டு ஊறவைக்கிறார்கள் என்றும், இஞ்சியையும் மிளகையும் அவ்வாறே செய்து சாப்பாட்டோடு கடித்துக்கொள்கிறார்கள் என்றும் குறிக்கிறார். நாம் கவனிக்க வேண்டியது, அவர் சொல்லும் மிளகு மிளகாய் அல்ல என்பது. மிளகாய் போர்த்துக்கேயர் வழியாக அமெரிக்காவிலிருந்து வந்தது. அன்னாசி, பப்பாசி, மரமுந்திரிகை எல்லாம் அந்த வழியே. 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்களின் கப்பலில் வந்த பப்பாசியைத்தான் சோனகதெருப் பெண்கள் காயாகவே சீவி மாட்டிறைச்சியில் பிரட்டி வைத்தார்கள். காயின் பாலில் உள்ள பப்பெயின் முற்றின இறைச்சியையும் பஞ்சாக்கிவிடும். அந்தப் பெயரை அவர்கள் கேள்விப்பட்டதில்லை. “கூட நேரம் வச்சா இறைச்சி கரைஞ்சு போகும்” என்பது மட்டும் தெரியும். அதுதானே வேண்டும்.

வினாகிரி பற்றி ஒரு குறிப்பு அவசியம். பனையோ தென்னையோ, கள்ளிலிருந்துதான் ஊர் வினாகிரி உண்டாகிறது. ‘காடி எவ்வளவு நல்ல தொடுகறி’ என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. ஆனால் நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், போதையுள்ளது தானாகவே காடியாக மாறினால்தான் சுத்தம். எதையாவது உள்ளே போட்டு மாற்றினால் ஆகாது. இந்தச் சட்டம் கிதாபுக்குள் மட்டும் கிடக்கவில்லை, அடுப்படியிலும் நடைமுறையில் இருந்தது. யாரிடம் வினாகிரி வாங்கலாம், அவர் எப்படிப் புளிக்கவைக்கிறார் என்று விசாரித்து வாங்கிய மாமிமார் இருந்தார்கள். சந்தேகம் வந்தால் வினாகிரியை விட்டுவிட்டு, வடித்த உப்புத்தண்ணீரும் தேசிப்புளியும் போதும். அப்ப மாவைக் கள் விட்டுப் பொங்கவைப்பது யாழ்ப்பாண வழக்கம். அதுவும் இங்கே ஆகாது. ஆனால் சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கின கருப்பநீரும், அதைக் காய்ச்சின பனங்கட்டியும் தாராளம். ஒரே மரம், ஒரே பாளை, சுண்ணாம்பு இருந்தால் ஹலால், இல்லாவிட்டால் ஹராம். பனையோடு இப்படி அளந்து பழகியவர்கள் குடாநாட்டில் சோனகர்தான்.

இனிப் பனாட்டு. 1850இல் வில்லியம் பேர்குசன் பனையைப் பற்றித் தனி நூலே எழுதினார். பனையின் 801 பயன்களைச் சொல்லும் ‘தால விலாசம்’ என்ற தமிழ்ப் பாடலைப் பற்றியும் அதில் உண்டு. எண்ணூற்றொன்றும் எனக்குத் தேவையில்லை, ஒன்று போதும். விழுந்த பழத்தைக் கழுவி, சிலர் லேசாக நெருப்பில் வாட்டி, தோலுரித்து, கொஞ்சத் தண்ணீர் விட்டுக் கையால் பிசைந்து களியை எடுப்பார்கள். தும்பு போக வடித்து, பரணில் விரித்த பாயில் ஊற்றித் தடவுவார்கள். ஒரு நாள் காய்ந்ததும் அதன்மேல் அடுத்த தடவல். இப்படி நாளுக்கு ஒன்றாக ஏற்றி, கெட்டியானதும் உரித்து, மடித்து, ஓலைப்பையில் போட்டு அடுப்புக்கு மேலே தூக்கிவிடுவார்கள். புகை பட்டால் பூச்சி வராது. சிறு துண்டாக வெட்டி, வறுத்த மா, மிளகு தூவிப் பனம்பாணியில் ஊறவிட்டால் பாணிப்பனாட்டு.

பனங்களியில் ஒரு கைச்சல் உண்டு. பணியாரம் சுடுகிறவர்கள் களியைச் சீனியோடு நன்றாகக் காய்ச்சித்தான் அதைக் கொல்வார்கள். 1970க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சீனி பங்கீட்டில்தான். வெங்காயமும் மிளகாயும் விற்று யாழ்ப்பாணத் தோட்டக்காரர் நிமிர்ந்த அதே வருடங்களில், சோனகதெருவில் சீனிக்குப் பதில் பனங்கட்டி திரும்பி வந்தது. வட்டிலப்பத்துக்கும் கித்துள் கருப்பட்டி இல்லாமல் பனங்கட்டி போட்டுக் காய்ச்சினோம் என்று இருவர் சொன்னார்கள். “நெறம் கொஞ்சம் கறுப்பு, ஆனா மணம் வேற மாதிரி. பிறகு கித்துள் கிடைச்சும் நாங்க மாத்தல்ல” என்றார் ஒருவர். தட்டுப்பாட்டால் வந்த மாற்றம் ருசியாகவே நிலைத்துவிட்டது. இப்படியான செய்தியை எந்தக் கச்சேரிப் பதிவிலும் தேட முடியாது.

நம் மாதங்கள் பிறையோடு ஓடுபவை. அதனால் பழத்தின் பருவமும் நோன்பும் எல்லா வருடமும் சந்திப்பதில்லை. சுமார் 33 வருடத்துக்கு ஒருமுறைதான் ரமழான் சுற்றி வந்து மாம்பழ மாதத்தில் விழும். 1983இல் நோன்பு ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை நடுவில் பெருநாள் வந்தது. அதற்கு முன்பின்னான சில வருடங்களும் மாம்பழ நோன்புதான். கஞ்சியோடு மாங்காய்ச் சம்பல், நோன்பு திறக்க நுங்கும் விளாம்பழக் கரைசலும், தறாவீஹுக்குப் பின் வெட்டின மாம்பழம் என்று அந்த வருடங்களைப் பெண்கள் தனியாகவே நினைவு வைத்திருக்கிறார்கள். அடுத்த சுற்று 2016ஐ ஒட்டி வந்தது. இரண்டுக்கும் நடுவில்தான் எல்லாம் நடந்தது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டார்கள். மாற்றுடையும் 150 ரூபாவும்தான் கொண்டுபோக விட்டார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. சாவகச்சேரி அதற்கு முன்னரே காலியாகியிருந்தது. வடக்கு முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர். இது பலமுறை எழுதப்பட்டது. வீடு, கடை, நகை, காணி உறுதி என்று இழப்புக் கணக்கும் உண்டு. நான் இங்கே பருவத்தை மட்டும் நினைவூட்டுகிறேன். ஒக்டோபர் கடைசி என்றால் ஐப்பசி. பனம்பழம் முடிந்து, கொட்டைகள் பாத்தியில் இறங்கிவிட்ட காலம். அந்த வருடத்து மாங்காய் சாடியில் ஊறி முடிந்திருக்கும். பனாட்டு அடுப்புக்கு மேல் தொங்கிக்கொண்டிருக்கும். வருடத்தின் எந்த மாதத்திலும் விட அப்போதுதான் அந்த அடுப்படிகள் நிரம்பி இருந்தன. இதை ஓர் ஆய்வுக் கூற்றாக நான் சொன்னபோது, பெரியம்மா உடனே எண்ணிச் சொன்னார்: “ரெண்டு சாடி ஊறுகாய், ஒரு தேசிக்காய்ச் சாடி, பனாட்டு ஒம்பது மடிப்பு.”

புத்தளத்தில் அவர் போட்ட முதல் ஊறுகாய் சரிவரவில்லை. காரணம் உப்பு என்றார். ஆனையிறவுக் கல்லுப்புக்குப் பழகிய கைக்கு எங்கள் பாலாவி உப்பின் அளவு பிடிபட ஒரு வருடம் சென்றது. பிறகு எங்கள் உம்மாவும் அதே முறைக்கு மாறிவிட்டார், எங்கள் வீட்டு ஊறுகாயில் பேரீச்சம்பழம் அன்றுமுதல் உண்டு. பனாட்டு மட்டும் வரவில்லை. மரமும் பழமும் தேடினால் கிடைத்திருக்கும். ஆனால் கொட்டிலின் முன்னால் பரண் கட்ட இடமில்லை, பத்துநாள் காகம் விரட்ட ஆளுமில்லை. ஆண்கள் கூலிக்கும் நடைபாதை வியாபாரத்துக்கும் போனார்கள், பெண்கள் வெங்காயத் தோட்டத்துக்குப் போனார்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளுக்குப் பனாட்டு ஒரு சொல். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் என்று ஊரில் அழைக்கப்பட்டவர்களுக்கு யாழ்ப்பாணத்தின் ருசி தெரியாது.

2002இல் பாதை திறந்தது. 2009க்குப் பின் ஒரு பகுதியினர் திரும்பினார்கள். நான் போனபோது சோனகதெருவில் கூரையில்லாத சுவர்களுக்குள் மரங்கள் முளைத்திருந்தன. திருத்திய வீடுகளும் இருந்தன. பனாட்டு கடையில் பொதிசெய்து விற்கிறார்கள். பனை அபிவிருத்திச் சபை 1978இலிருந்து இயங்குகிறது, அதன் விற்பனை நிலையங்களிலும் இப்பண்டங்கள் உண்டு. வாங்கி வந்து பெரியம்மாவிடம் கொடுத்தேன். கடித்துப் பார்த்து, “இது நல்ல பனாட்டுத்தான். புகை இல்ல” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

நான் குறித்துவைத்தவற்றில் இன்னும் முரண்கள் தீரவில்லை. பாயில் எத்தனை தடவல் என்று மூன்று பெண்களைக் கேட்டேன். ஏழு, பத்து, “வெயிலப் பொறுத்து” என்று மூன்று பதில். பழத்தை வாட்ட வேண்டுமா வேண்டாமா என்பதில் ஒரே குடும்பத்துச் சகோதரிகள் என் முன்னாலேயே வாக்குவாதப்பட்டார்கள். அளவுகளோ சுண்டு, கொத்து, போத்தல். எந்தப் பேணியைச் சுண்டு என்றார்கள் என்பதையும் கேட்டுத்தான் எழுத வேண்டும். அன்று முப்பது வயதில் அடுப்படியை நடத்தியவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். பெரியம்மாவுக்கு எண்பத்திரண்டு. கிரைண்டரில் அரைத்தால் கடுகு கைக்கும், அம்மியில்தான் அரைக்க வேண்டும் என்று போன கிழமையும் தொலைபேசியில் எழுதச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.